சும்மா கிடக்கிற பணம்

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு நாற்காலி போட்டு உட்காரும் வங்கி மேலாளரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். அது என் தங்கையின் கல்யாணம். அந்த அம்மாளுக்குக் கீழேதான் நான் கடன் பிரிவு அதிகாரியாக இருந்தேன் என்பதால் எழுந்து போகச் சொல்லவும் வழியில்லை.

பத்திரிகை வைத்த குற்றத்துக்கு வந்திருந்தார். மாம்பழ நிறத்தில் பட்டுச் சேலை, அதற்கு ஒட்டவே ஒட்டாத பழுப்பு ரெக்ஸின் பை. பை நிறையக் கணக்குத் தொடங்கும் படிவங்கள். என் சித்தப்பா கவர்களைப் பிரித்து நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். இவர் குனிந்து கேட்டார்.

"இவ்ளோ பணத்தையும் நைட்டு எங்க வைப்பீங்க?"

"பீரோலதாம்மா."

"பீரோ வட்டி குடுக்குமா?"

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பந்தி நடக்கிற பக்கம் ஓடிப்போய் யாரிடமிருந்தோ சாம்பார் வாளியைப் பிடுங்கிக்கொண்டேன். தாலி கட்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தால் மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். மேடம் பக்கத்தில் நின்று, "போட்டோல சிரிக்கக் கூடாதுபா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என் அம்மா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எங்கேயாவது பணம் சும்மா கிடக்கிறது என்று தெரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது. கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறவரிடம் கேட்பார், ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஏறினால் இறங்குவதற்குள் ஓட்டுநரிடம் கேட்பார், இளநீர் வாங்கினால் குடித்து முடிப்பதற்குள் கேட்பார். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "பணம் சும்மாதானே கிடக்குது?" அவருக்குப் பின்னால் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு நான். கடன் மனுக்களைப் பரிசீலிக்கப் படித்துவிட்டு வந்தவன், கைரேகை மை டப்பாவோடு தெருத்தெருவாகச் சுற்றினேன்.

ஒரு முறை துக்க வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டார். பால் தெளித்த மறுநாள். வாசலில் பந்தல்கூடப் பிரிக்கவில்லை. கணவனை இழந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வூட்டுக்காரர் கணக்குல பணம் சும்மா கிடக்குதும்மா. நாமினி நீதான். எடுத்துடாத, உன் பேருக்கு மாத்திக்க" என்றார். அந்தப் பெண்ணின் அண்ணன், "இன்னா மேடம், இன்னும் சாம்பலே ஆறல" என்று எழுந்துவிட்டார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. இவர் அசையவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒரு கணக்கு இருப்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. இதுதான் அவரிடம் பெரிய தொல்லை. ஒழுங்காகக் கோபப்படக்கூட விடமாட்டார்.

இவ்வளவு அலைச்சலுக்கும் காரணம் இருந்தது. எங்கள் கிளை நஷ்டத்தில் ஓடியது. காந்தி ரோட்டில் பட்டுக்கடைகளுக்கு நடுவே மாடியில் இருந்தோம். வாடகை கேட்டால் தலை சுற்றும். எங்களிடம் பணம் போட்டிருந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். எல்லாம் அதிக வட்டிக்குப் போட்ட வைப்பு நிதி. ஏனாத்தூர்ப் பேராசிரியர் ஒருவர் எதிர் வங்கியில் கால் சதவீதம் கூடக் கிடைக்கிறது என்று காதில் விழுந்தால் அன்று மாலையே பத்திரத்தை உடைத்துக்கொண்டு சாலையைக் கடந்துவிடுவார். அதிக வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கொஞ்சம் கூடுதல் வட்டிக்குக் கடனாகக் கொடுத்து, அந்த இடைவெளியில்தான் வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் கட்ட வேண்டும். அதிலும் கொடுத்த கடன் திரும்பாவிட்டால் அந்த வருஷம் ஒழிந்தது.

எங்களுக்குத் திரும்பாத கடன் வந்த கதை தனி. அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று பட்டுக்கடை, மூன்று கடன், மூன்றுக்கும் இருப்புச் சேலைகள்தான் ஈடு. மாதா மாதம் போய்ச் சேலைகளைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முன்பிருந்த மேலாளர் முதல் கடையில் பார்த்துவிட்டுக் காப்பி குடிப்பார், அடுத்த கடைக்குப் போவார், அங்கேயும் காப்பி குடிப்பார். இவர் வந்த முதல் மாதம் காப்பி வேண்டாம் என்றார். முதல் கடையில் சேலை மடிப்புக்குள் இருந்த தாளில் பென்சிலால் தன் இனிஷியலைப் போட்டு வைத்தார். மூன்றாவது கடையில் ஒரு சேலையை உருவிப் பிரித்தார். உள்ளே அவருடைய இனிஷியல்.

"சேலைக்குக் கால் முளைச்சிருக்குதுபா" என்றார் என்னிடம். பின்சந்து வழியாக ஒரே அடுக்குச் சேலைகள் மூன்று கடைக்கும் நடந்திருக்கின்றன, இரண்டு வருஷமாக. அந்தக் கடன்கள் மூழ்கின. கிளையும் கூடவே மூழ்கப் பார்த்தது.

வட்டார அலுவலகம் கெடு வைத்தது. வருகிற மார்ச் முடிவில் சேமிப்புக் கணக்கு இருப்பு அவர்கள் சொன்ன அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் கிளையை வாலாஜாபாத் கிளையோடு சேர்த்துவிட்டு, மிஞ்சுகிற ஆட்களை வடக்கே எங்காவது அனுப்புவார்கள். என் அப்பாவுக்கு அப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கூட்டிப்போக நான் ஒருவன்தான். ஒடிசாவிலிருந்து எப்படிக் கூட்டிப்போவது?

மேடத்துக்கு இதில் ஒரு சித்தாந்தமே உண்டு. "வைப்பு நிதி விருந்தாளிபா. தினம் வடை பாயாசம் கேக்கும். சேமிப்புக் கணக்குதான் வூட்டு மனுஷன். பழைய சோறு போட்டாலும் கம்முனு இருக்கும்." அந்த வீட்டு மனுஷர்களைப் பிடிக்கத்தான் இந்த ஊர்வலம் எல்லாம். சேமிப்புக் கணக்கில் வட்டி சொற்பம், வங்கிக்கு மிச்சம் அதிகம். அது எனக்கும் தெரியும். அதற்காகப் பூக்காரம்மாவிடம் முழம் வாங்குகிற சாக்கில் ஆதார் கேட்பதா?

இப்படிப்பட்டவரிடம் எங்கள் தெரு மகமைப் பணத்தைப் பற்றி உளறியது நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு சேலை தறியிலிருந்து இறங்கினால் அதற்கு இவ்வளவு என்று ஒரு தொகை தெருப் பொதுவுக்குப் போகும். அதுதான் மகமை. தெரு மடத்தில் இரும்புப் பெட்டி. அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவி, மூன்று வீடு. மூன்று பேரும் குளித்துவிட்டு ஒன்றாக வந்தால்தான் பெட்டி திறக்கும். ஒரு சாவி என் பெரியப்பாவிடம். பங்குனி உத்திர உற்சவத்தில் ஒரு நாள் எங்கள் தெருவின் மண்டகப்படி. அந்த நாள் செலவெல்லாம் இந்தப் பணத்தில்தான். அவசரத்துக்குத் தெருக்காரர்களுக்குக் கடனும் கொடுப்பார்கள். திருப்பாதவனுக்கு நோட்டீஸ், வக்கீல் எதுவும் கிடையாது. மண்டகப்படி அன்று சாமி நிற்கும்போது எல்லாருக்கும் விபூதி கொடுப்பார்கள், அவன் முறை வந்தால் தட்டு அவனைத் தாண்டிப் போகும். அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து இரண்டாவது வருஷம் வரை யாரும் பாக்கி வைத்ததில்லை.

இதை ஒரு நாள் டீ குடிக்கும்போது ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். மேடம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"வாடகை கிடையாது, சம்பளம் கிடையாது, வாராக்கடன் கிடையாது. நம்மளவிட நல்லா பேங்க் நடத்துறாங்கபா உங்க தெருவுல. எவ்ளோ இருக்கும் பெட்டில?"

"தெரியாது மேடம்."

தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா வீட்டு வாசலில் ரெக்ஸின் பை வந்து நின்றது.

எட்டு மாதம் போனார். பெரியப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே பேசுவார், இவர் எதிரே தரையில் உட்கார்ந்து பேசுவார். பெரியப்பாவின் கேள்விகள் எதற்கும் என் பயிற்சிக் கையேட்டில் பதில் இல்லை.

"எங்க பெட்டிக்கு மூணு பூட்டுமா. உங்க பேங்க்குல ஒருத்தன் வந்து கேட்டாலே குடுத்துடுவீங்களே?"

"மூணு பேரும் கையெழுத்து போட்டாதான் பணம் நகரும். எழுதியே தரேன்."

"நடுராத்திரி ஒருத்தனுக்கு நெஞ்சு வலின்னா பெட்டியத் தொறப்போம். நீங்க தொறப்பீங்களா?"

"அதுக்குன்னு கொஞ்சம் பெட்டிலயே வெச்சிக்கோங்க. பெரிய பணத்த மட்டும் குடுங்க."

"சரி, நாங்க கேட்ட நாள்ல, கேட்ட நேரத்துல வருமா? அப்புறம் வாங்க, மெஷின் வேலை செய்யலன்னு எங்களை அலைய வுடுவீங்களா?"

மேடம் அதற்கு மட்டும் படிவத்தைக் கீழே வைத்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "வரும்ணே" என்றார்.

அதற்கப்புறமும் தொல்லை விட்டதா? சங்கத்துக்குப் பெயர் வேண்டும் என்றது படிவம். தெருவுக்கு ஏது சங்கம்? பெயர் வைப்பதில் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் சண்டை, ரப்பர் ஸ்டாம்பில் வேல் போடுவதா ரிஷபம் போடுவதா என்று இன்னொரு சண்டை. கணக்குத் தொடங்கும் தீர்மானத்தை மூன்று முறை தட்டச்சு செய்தேன். மூன்று முறையும் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. ஐம்பது வருஷம் தறியில் நாடா தள்ளிய கை, பேனாவைப் பிடித்தால் அதற்கு இஷ்டப்பட்ட பக்கம் போகும். என் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகளில் அப்பா ஊரில் இல்லாத சமயம் அவர்தான் கையெழுத்துப் போடுவார். அப்போதிருந்தே அப்படித்தான்.

ஒரு தை மாதக் காலையில் மூன்று பெரியவர்களும் மடத்தைத் திறந்து, பணத்தைத் துணிப்பைகளில் எடுத்துக்கொண்டு, கிளைக்கு நடந்தே வந்தார்கள். பின்னால் பாதித் தெரு. பெரியப்பா என்னைக் காட்டிக் காசாளரிடம், "நம்ம புள்ள உள்ள இருக்குறான், அதான் குடுக்குறோம்" என்றார். அந்தப் பணம் வந்ததும் கெடு வைத்த அளவை எங்கள் கிளை மயிரிழையில் தாண்டியது. மேடம் அன்று ஊழியர்கள் எல்லாருக்கும் போளி வாங்கிக் கொடுத்தார். அவர் கைக்காசில் எதுவும் வாங்கிக் கொடுத்து நான் பார்த்தது அன்றுதான். நான் வீட்டுக்குப் போய் அப்பாவிடம், "எங்கேயும் போகத் தேவையில்லப்பா" என்று சொன்னேன்.

அந்த வருஷம் பங்குனி உத்திரம் மார்ச் கடைசியில் வந்து தொலைத்தது.

மார்ச் முடிய இன்னும் மூன்று நாள். காலை பதினோரு மணிக்கு மூன்று பெரியவர்களும் வந்தார்கள். மண்டகப்படி ரிஷப வாகனத்துக்கு வெள்ளித் தகடு போடக் கொடுத்திருந்தார்கள். வேலை முடிந்துவிட்டது, மிச்சத் தொகை கணக்குக்கு வந்தால்தான் வாகனத்தை வண்டியில் ஏற்றுவேன் என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். இன்றைக்கு ஏற்றினால்தான் நாளை மறுநாள் சாமி அதில் புறப்படலாம். பெரியப்பா காசோலையையும் பணம் அனுப்பும் படிவத்தையும் என் மேஜையில் வைத்தார். தொகையைப் பார்த்தேன். அது போனால் நாங்கள் கெடு வைத்த அளவுக்குக் கீழே. மூன்று நாளில் அதை ஈடுகட்ட ஊரில் உள்ள எல்லா மொய் மேஜையும் போதாது.

மேடம் வெளியே போயிருந்தார், வழக்கம்போல் யாருடைய பணமோ சும்மா கிடக்கிறது என்று. நான் கணினியில் கையெழுத்து மாதிரியைத் திறந்தேன். பெரியப்பாவின் கையெழுத்து காசோலையில் கோணலாக இருந்தது. மாதிரியிலும் கோணல்தான், வேறு பக்கமாக.

"பெரியப்பா, கையெழுத்து ஒத்துப்போகல."

"என் கையெழுத்துடா."

"தெரியும். ஆனா சிஸ்டம் ஏத்துக்காது. ஒண்ணாந்தேதிக்கு மேல புதுசா மாதிரிக் கையெழுத்து குடுங்க, உடனே அனுப்பிடலாம்."

சிஸ்டத்துக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. பார்த்து முடிவு செய்கிறவன் நான்.

"அதுக்குள்ள மண்டகப்படி முடிஞ்சிடுமேபா" என்றார் கூட வந்தவர்.

பெரியப்பா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பேங்க்கு ரூலுன்னா இன்னா பண்றது? அவன் இன்னா வேணும்னா சொல்றான்?" என்று மற்ற இருவரையும் சமாதானப்படுத்தினார். மூன்று பேரும் சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். ஒருவர் தெருவில் யாருக்கோ போன் போட்டு, பழைய மரவாகனத்துக்கே அலங்காரம் பண்ணிக்கொள்ளலாமா என்று கோயிலில் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மேடம் படியேறி வந்தார். பெஞ்சைப் பார்த்தார், விசாரித்தார், நேராக என் மேஜைக்கு வந்தார். நான் குரலைத் தாழ்த்தி, "மேடம், மூணே நாள். இது போச்சுன்னா கிளையே போச்சு" என்றேன். சொல்லும்போது அவர் என்னைப் பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

காசோலையைக் கையில் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது உங்க பெரியப்பா போட்ட கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"உன் கண்ணு முன்னாடி?"

"ஆமா."

"பின்ன?"

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"மூணு நாள் எனக்குத் தெரியாதாபா? ஒரு வருஷமா இந்த ஊர்ல நாயா அலைஞ்சது யாரு? கேட்டா வரும்னு சொல்லித்தானே வாங்கினேன். இன்னிக்குப் புடிச்சி வெச்சிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இன்னொருத்தன் வூட்டு வாசல்ல போய் நிப்பேன்? அனுப்பு."

அனுப்பினேன். அவருடைய அனுமதியும் வேண்டும். அவரே என் கணினியில் குனிந்து கடவுச்சொல்லைத் தட்டினார். பிறகு பெஞ்சுக்குப் போய், "கம்ப்யூட்டரு கொஞ்சம் பேஜாரு பண்ணிடுச்சுண்ணே. உங்க புள்ளதான் சரி பண்ணான்" என்றார். பெரியப்பா வந்து என் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டலுக்குப் பதில் ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

மண்டகப்படி அன்று வெள்ளி ரிஷபத்தில் சாமி புறப்பட்டது. நான் போகவில்லை, ஆண்டு முடிவு வேலை என்று சொல்லிவிட்டேன். எனக்கும் சேர்த்து விபூதியைத் தாளில் மடித்துப் பெரியப்பா கொடுத்தனுப்பினார்.

மார்ச் முடிவில் கெடு வைத்த அளவுக்குக் கீழே நின்றோம். முடிய மூன்று நாள் இருக்கும்போது இவ்வளவு பெரிய தொகையை ஏன் போக விட்டீர்கள், எழுத்துமூலம் விளக்கம் தருக என்று வட்டார அலுவலகம் கேட்டது. மேடம் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரு வரிதான் சொன்னார்: வாடிக்கையாளர் கேட்டார்.

"மேடம், இன்னும் கொஞ்சம் எழுதலாம். உற்சவம், சாமி காரியம், தெருவோட நல்லெண்ணம், இனிமே வரப்போற வைப்புத்தொகை..."

"அவங்க கேட்டாங்கபா. அதுக்கு மேல இன்னா இருக்குது?"

அந்த வரி அப்படியே போனது. மழைக்காலத்துக்குள் கிளையை வாலாஜாபாத்தோடு சேர்த்தார்கள். ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருந்த அவரை ஒடிசாவுக்கு அனுப்பினார்கள். என்னை வாலாஜாபாத்திலேயே போட்டார்கள். அப்பாவின் மருத்துவச் சீட்டுகளை இணைத்து அவர் எனக்காக இரண்டு பக்கம் கடிதம் எழுதியிருந்தார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தனக்கு ஒரு வரி, எனக்கு இரண்டு பக்கம். எரிச்சலாக வராதா?

அந்தக் காசோலையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவில்லை, குத்திக்காட்டவில்லை. கிளம்புகிற அன்றுகூட, "அப்பாவ நல்லா பார்த்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கக்கூட இடம் கொடுக்காத மனுஷி. இன்னும் அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

இப்போது நானும் ஒரு கிளைக்கு மேலாளர். மார்ச் கடைசி வாரத்தில் வருஷா வருஷம் யாராவது ஒருவர் பெரிய தொகைக்குக் காசோலையை நீட்டுகிறார். இதுவரை யாருக்கும் நான் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் தொகையைப் பார்த்ததும் என் கண் கீழே கையெழுத்துக்குப் போகிறது. அது கொஞ்சம் கோணலாக இருக்காதா என்று பார்க்கிறேன்.